முரசும் பாங்கும்: குவாபெனா என்கெட்டியாவின் ஆபிரிக்க இசைக் கல்வி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஆபிரிக்க மக்களின் சமயங்களும் கலைகளும் நீண்ட காலமாகப் பிறரது எழுத்தின் ஊடாகவே உலகுக்கு அறிமுகமாகின. கிறிஸ்தவ மிஷனரிகளும் காலனித்துவ நிர்வாகிகளும் மேற்கத்திய மானிடவியலாளர்களுமே அவற்றை விளக்கும் அதிகாரம் பெற்றவர்களாகக் கருதப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலையை மாற்றியமைத்தவர்களுள் கானா நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் ஜே. எச். குவாபெனா என்கெட்டியா முக்கியமானவர். இசையமைப்பாளர், மொழியியலாளர், களஆய்வாளர், நல்லாசிரியர் என்னும் பல தகைமைகள் அவரிடம் ஒருங்கே அமைந்திருந்தன. 1921 இல் அசாந்தி மாம்பொங்கில் பிறந்து, 2019 மார்ச்சில் தமது 97 ஆவது வயதில் காலமான அவரது பணி, ஆபிரிக்க இசை பற்றிய இன்றைய பல்கலைக்கழகக் கல்வியின் அத்திவாரமாக விளங்குகின்றது.

அந்த அத்திவாரத்தில் இஸ்லாத்துக்குரிய இடம் எது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினையன்று. "ஆபிரிக்கச் சமயங்கள்" என்ற பாடத்தைக் கற்கும் ஒரு முஸ்லிம் மாணவன், தனது மார்க்கம் அங்கு ஒரு வந்தேறியாக மட்டுமே பேசப்படுவதைக் காண்கின்றான். அதே மாணவன் பள்ளிவாசலுக்குச் செல்லும்போது, தனது மூதாதையரின் கலைகள் யாவும் ஜாஹிலிய்யத்தின் எச்சங்கள் எனச் சொல்லக் கேட்கின்றான். ஒருபுறம் அவனது ஆபிரிக்கத் தன்மையும், மறுபுறம் அவனது இஸ்லாமும் சந்தேகத்துக்குள்ளாகின்றன. எனவே என்கெட்டியாவின் பணியை மதிப்பிடுவது, இந்த இரட்டைச் சந்தேகத்தின் வேர்களை ஆராய்வதாகவும் அமையும்.

முரசின் மொழி கற்றவர்

என்கெட்டியா பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவச் சூழலில் உருவானவர். பாசல் மிஷன் வழிவந்த இத்திருச்சபை, மதம் மாறியோரைத் தனிக் குடியிருப்புகளில் வாழச் செய்து, ஊர் முரசுகளிலிருந்தும் ஆடல்களிலிருந்தும் அவர்களை விலக்கி வைத்தது. அக்ரொபொங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்த எப்ராயிம் அமு, ஆபிரிக்க உடையணிந்து பிரசங்கம் செய்தமைக்காகவும் வழிபாட்டில் ஆபிரிக்க இசையைப் புகுத்த முயன்றமைக்காகவும் 1933 இல் பதவி இழந்தார். சில ஆண்டுகளின் பின் அதே கல்லூரியில் பயின்ற என்கெட்டியா, அமு விட்டுச் சென்ற பாடல்களால் ஈர்க்கப்பட்டார். தனது மக்களின் இசையை முதலில் கிராமத்து மூத்தோரிடம் கற்க வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இவ்வழியிலேயே கிட்டியது.

1944 இல் லண்டன் சென்று மொழியியல் பயின்றமை அவரது ஆய்வுக்குப் புதியதொரு கருவியை அளித்தது. அகான் மக்களின் ட்வி மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் சொல்லின் பொருளையே மாற்றிவிடும். உயர்ந்த குரலும் தாழ்ந்த குரலும் கொண்ட அதும்பான் என்னும் இரட்டை முரசு, பேச்சின் இந்த ஏற்ற இறக்கத்தையும் தாளத்தையும் அப்படியே எடுத்துரைக்கின்றது. உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் முரசால் ஒலிக்க இயலாது. ஆதலால் பொருள் மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு, நிலைபெற்ற நீண்ட தொடர்களை முரசறைவோர் கையாளுகின்றனர். 1963 இல் வெளிவந்த, அகான் சமூகங்களின் முரசிசை பற்றிய தமது நூலில் என்கெட்டியா இதனை நுணுக்கமாக விளக்கினார். முரசொலியை அறிவிப்பு முறை, பேச்சு முறை, ஆடல் முறை என அவர் மூன்றாக வகுத்தமை இன்றும் ஆய்வாளர்களால் பின்பற்றப்படுகின்றது. அதற்கு முன் 1955 இல் அவர் வெளியிட்ட அகான் ஒப்பாரிப் பாடல்கள் பற்றிய நூல், இறந்தோரைப் பாடும் பெண்களின் வாய்மொழியைப் பெறுமதிமிக்க இலக்கியமாக நிலைநிறுத்தியது.

இவ்வாய்வுகளில் சமயத்தையும் கலையையும் பிரித்துவிட இயலாது. அகான் முரசறைவோன் தன் பணியைத் தொடங்குமுன் முரசு செய்யப்பட்ட மரத்தையும், தோல் தந்த யானையையும், முரசின் ஏனைய உறுப்புகளையும் விளித்து அனுமதி கோருகின்றான். படைப்பின் தொடக்கத்திலேயே முரசறைவோனுக்கு இடமளிக்கும் முரசுக் கவிதைகளும் உள்ளன. மூதாதையர் வழிபாடு, அரச பரம்பரை, நிலம், மரணம் பற்றிய நம்பிக்கைகள் அனைத்தும் அந்த ஒலிக்குள் அடங்கியுள்ளன. முரசைக் கற்பிப்பவர் இவற்றையும் சேர்த்தே கற்பிக்க நேர்கின்றது. என்கெட்டியா இதனை உணர்ந்திருந்தார்.

தௌஹீதை ஏற்றுக்கொண்ட வாசகருக்கு இங்கு ஒரு தயக்கம் எழுவது இயல்பு. மரத்தை விளிக்கும் முரசுக் கவிதையை ஆர்வத்துடன் வாசிப்பதும் அதில் நம்பிக்கை கொள்வதும் ஒன்றல்ல. பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி இந்திய மக்களின் சமயங்களைப் பற்றி எழுதியபோது, தமது நூல் வாதப் பிரதிவாத நூலன்று, அம்மக்கள் கூறுவதை உள்ளபடி எடுத்துரைப்பதே தமது நோக்கம் என்று தெளிவுபடுத்தினார். பிறரது நம்பிக்கையைத் திரிக்காமல் விளங்கிக்கொள்வது முஸ்லிம் அறிவு மரபுக்குப் புதியதன்று. அந்த மரபின் கண்ணோட்டத்தில் என்கெட்டியாவின் உழைப்பு நன்றியுடன் வாசிக்கத்தக்கது.

லெகொனின் மூன்று இழைகள்

கானாப் பல்கலைக்கழகத்தின் லெகொன் வளாகத்தில் 1961 இல் ஆபிரிக்கக் கற்கைகள் நிறுவனம் உருவாக்கப்பட்டது. 1963 ஒக்டோபரில் அதனை முறைப்படி திறந்துவைத்த ஜனாதிபதி குவாமே என்க்ரூமா, ஆபிரிக்காவை ஆபிரிக்காவின் நிலையிலிருந்தே நோக்கும் கல்வியை அங்கு வேண்டி நின்றார். மறு ஆண்டு வெளியான தமது தத்துவ நூலில், ஆபிரிக்க சமூகத்தின் பிரக்ஞை மூன்று இழைகளால் ஆனது என அவர் வாதிட்டார். மரபு வழி ஆபிரிக்கா, இஸ்லாம், ஐரோப்பிய கிறிஸ்தவம் என்பனவே அவை. பிற்காலத்தில் கென்ய அறிஞர் அலி மஸ்ரூயி 1986 இல் தமது தொலைக்காட்சித் தொடரின் மூலமும் நூலின் மூலமும் பரப்பிய "மும்மரபு" என்ற கருத்தும் இதனோடு நெருங்கிய உறவுடையது.

நிறுவனத்தின் முதல் பணிப்பாளர் தோமஸ் ஹொட்ஜ்கின், மேற்கு ஆபிரிக்காவின் அறபு மூலங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட வரலாற்றாசிரியர். அவரது காலத்தில் கானாவின் உலமாக்களிடமிருந்த அறபு, ஹவுஸா கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டும் பணி அங்கு முன்னெடுக்கப்பட்டது. 1965 இல் பணிப்பாளர் பொறுப்பை ஏற்ற என்கெட்டியா ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அதனை வழிநடத்தினார். இசை, நாடகப் பள்ளியும், மாவெரே ஒபோக்குவின் தலைமையில் இயங்கிய தேசிய ஆடற்குழுவும் இந்நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்தன. கிராமத்து முரசறைவோர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டமை, எழுத்தறிவு மட்டுமே அறிவு என்ற எண்ணத்தை உடைத்த துணிகரமான செயலாகும்.

ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்த இவ்விரு பணிகளும் போதிய அளவு ஒன்றுடன் ஒன்று பேசிக்கொள்ளவில்லை. அறபுக் கையெழுத்துப் பிரதிகள் வரலாற்றுத் துறைக்குரிய ஆவணங்களாகின. முரசும் ஆடலும் கலைத் துறைக்குரியவையாகின. இஸ்லாம் ஏட்டில் வாழும் மார்க்கமாகவும், மரபுச் சமயம் ஒலியிலும் உடலிலும் வாழும் மார்க்கமாகவும் பிரிந்து நின்றன. என்க்ரூமா குறிப்பிட்ட மூன்று இழைகளில் இரண்டாவது இழை கேட்கப்படும் பண்பாடாகக் கற்பிக்கப்படாமல் போயிற்று.

பாலைவனம் ஒரு மதிலா?

உலகெங்கும் பாடநூலாகப் பயன்பட்டு வரும் "ஆபிரிக்காவின் இசை" என்ற என்கெட்டியாவின் நூல் 1974 இல் வெளிவந்தது. சமூக வாழ்வில் இசையின் இடம், இசைக்கருவிகள், இசையின் அமைப்பு, பேச்சுக்கும் பாடலுக்கும் ஆடலுக்கும் உள்ள தொடர்பு என அது விரிந்து செல்கின்றது. இந்நூல் தனது எல்லையை ஆரம்பத்திலேயே வரையறுத்துக் கொள்கின்றது. அறபு மொழியும் பண்பாடும் மேலோங்கிய வட ஆபிரிக்காவின் இசை கீழைத்தேய இசைக் குடும்பத்தைச் சார்ந்தது என ஒதுக்கப்படுகின்றது. ஸஹாராவுக்குத் தெற்கே உள்ள பகுதியே நூலின் களமாகின்றது.

ஒரு நூல் தனக்கு எல்லை வகுத்துக்கொள்வதில் தவறில்லை. எனினும் இவ்வெல்லை புவியியல் எல்லை என்பதைவிட ஒரு கருத்தியல் எல்லையாகவே தொழிற்படுகின்றது. வரலாற்றில் ஸஹாரா ஒரு மதிலாக இருக்கவில்லை. பொன்னும் உப்பும், நூல்களும் ஹாஜிகளும், அடிமைகளும் அறிஞர்களும் பல நூற்றாண்டுகளாக அதனைக் கடந்து சென்றனர். மாலிப் பேரரசர் மன்ஸா மூஸா 1324 இல் ஹஜ் யாத்திரையின் வழியில் கெய்ரோவை அடைந்தமை அனைவரும் அறிந்ததே. மொரோக்கோவின் க்னாவா இசை, தெற்கிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினரிடம் வளர்ந்தது. அந்த இசையை எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் வைப்பது?

நியாயமாகக் கூறுவதாயின், என்கெட்டியா இஸ்லாத்தின் பாதிப்பை முற்றாகப் புறக்கணிக்கவில்லை. சவன்னாப் பகுதிகளில் நீண்ட எக்காளங்கள், நாதசுர வகையைச் சேர்ந்த குழல்கள், ஒற்றை நரம்பு வில்யாழ்கள் முதலியன அறபு உலகத் தொடர்புகளின் வழியே வந்து கலந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். இஸ்லாத்தைத் தழுவியமை பல இடங்களில் மரபிசையைக் கைவிடுவதாக அமையவில்லை என்றும் அவர் அவதானித்தார். பெறுமதியான அவதானம் இது. ஆனால் இங்கும் இஸ்லாம் "பாதிப்பு" என்ற சொல்லுக்குள்ளேயே நிற்கின்றது. அது வெளியிலிருந்து வந்து உள்ளே எதையோ மாற்றுகின்றது அல்லது மாற்றத் தவறுகின்றது. உள்ளிருந்து படைக்கும் ஒரு சக்தியாக அது நோக்கப்படவில்லை.

மதுரைச் சுல்தானகத்தை நேரில் கண்டு எழுதிய அதே இப்னு பதூதா, 1352 - 53 இல் மாலியில் கண்டவற்றை இங்கு நினைவுகூரலாம். பெருநாள் நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் மன்ஸா ஸுலைமானின் சபையில் மொழிபெயர்ப்பாளர் தூகா, நாணற் கட்டைகளின் கீழ் சிறு சுரைக்குடுக்கைகள் பொருத்தப்பட்ட கருவியை இசைத்துப் பாடினார். பறவையின் இறகும் அலகும் கொண்ட வேடமணிந்த கவிஞர்கள் அரசனுக்கு அவனது முன்னோரின் நற்செயல்களை எடுத்துரைத்தனர். இவ்வழக்கம் இஸ்லாத்துக்கு முற்பட்டது என்று தம்மிடம் கூறப்பட்டதாக அவர் குறிப்பிடுகின்றார். அதனை நகைப்புக்குரியதாகவே அவர் கண்டார். அதேவேளை அம்மக்கள் தொழுகையைப் பேணுவதையும், பிள்ளைகள் அல்குர்ஆனை மனனமிடுவதில் காட்டும் கண்டிப்பையும் வியந்து பாராட்டினார். பாராட்டப்பட்டவர்களும் நகைக்கப்பட்டவர்களும் ஒரே மக்களே. பெருநாள் தொழுகையும் பெருநாட் பாட்டும் அவர்களது ஒரே நாளின் பகுதிகள். பயணியின் கண் அவற்றை இரண்டாகப் பிரித்தது. ஆறு நூற்றாண்டுகளின் பின் பாடநூலும் வேறொரு காரணத்துக்காக அதே பிரிவினையைச் செய்கின்றது.

தக்போனின் சாட்சியம்

என்கெட்டியாவின் சொந்த நாட்டிலேயே இப்பிரிவினைக்கு எதிரான வலுவான சாட்சியம் உள்ளது. கானாவின் வடபகுதியில் உள்ள தக்போன் இராச்சியத்தில் லுன்சி எனப்படும் முரசறைவோர், அரச வம்சங்களின் வரலாற்றைப் பேணிக் காப்பவர்கள். இடை சுருங்கிய முரசைக் கக்கத்தில் இடுக்கி, அதன் வார்களை அழுத்தியும் தளர்த்தியும் அவர்கள் அதனைப் பேசவைக்கின்றனர். அவர்களின் மிக உயர்ந்த கலைவடிவம் இரவு முழுவதும் நீடிக்கும் வரலாற்றுப் பாடல். அது அரங்கேறும் முக்கிய தருணங்கள் இரு பெருநாட்களுக்கும் முந்திய இரவுகளாகும். அதாவது, ஆபிரிக்காவின் தலைசிறந்த வாய்மொழி வரலாற்று மரபுகளுள் ஒன்று ஹிஜ்ரி நாட்காட்டியின்படி இயங்குகின்றது. இஸ்லாத்தை நாட்டில் நிலைபெறச் செய்த மன்னராக நா ஸன்ஜினாவை அந்த மரபே நினைவில் வைத்துள்ளது.

தம்பா விழா இன்னும் தெளிவான சான்று. நபி (ஸல்) அவர்களின் பிறப்பு நினைவுகூரப்படும் ரபீஉனில் அவ்வல் மாதமே அங்கு தம்பா மாதம் என அழைக்கப்படுகின்றது. மௌலிதிலிருந்து தோன்றிய இவ்விழாவில், மார்க்க அறிஞர்கள் அரிசி மணிகளைப் பொறுக்கித் தூய்மை செய்யும் சடங்கும், தலைவர் பசுவை வலம் வரும் சடங்கும் முரசொலியும் ஆடலும் இணைகின்றன. இதனை மௌலித் என்பதா, அரச விழா என்பதா? சீர்திருத்த நோக்குடைய உலமாக்கள் இத்தகைய விழாக்களை விமர்சிப்பதுண்டு. அவ்விமர்சனத்துக்கு மார்க்க ரீதியான நியாயங்கள் இருக்கலாம். ஆயினும் மார்க்கத் தீர்ப்பு வேறு, வரலாற்று விளக்கம் வேறு. வரலாற்று நோக்கில் தம்பா, இஸ்லாம் ஆபிரிக்க மண்ணில் தனக்கென உருவாக்கிக்கொண்ட பொதுவெளியின் வடிவமாகும்.

அசாந்தி அரசவையும் இத்தொடர்புக்கு வெளியே நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குமாசியில் முஸ்லிம்கள் அரசவையில் செல்வாக்குடன் வாழ்ந்தமையை 1817 இல் அங்கு சென்ற பௌடிச்சும் 1820 இல் சென்ற டூப்புயியும் பதிவு செய்துள்ளனர். அசாந்தித் தலைவர்களின் ஊர்வலத்தில் ஒலிக்கும் ம்பின்டின் குழுவும் இடை சுருங்கிய தொன்னோ முரசும் தக்போன் பகுதியிலிருந்து பெறப்பட்டவை. இக்கொடுக்கல் வாங்கலை எடுத்துக்காட்டியவர்களுள் என்கெட்டியாவும் ஒருவர். அந்த முரசுகள் இஸ்லாமியக் கருவிகள் அல்ல. எனினும் அவை வந்த வழி, முஸ்லிம் வணிகர்களும் மார்க்க அறிஞர்களும் நடமாடிய அதே வழியாகும். கருவியின் பயணத்தைக் கூறியவர், அதன் உடன்பயணிகளைப் பற்றி மேலும் கூறியிருக்கலாம்.

1979 இல் ஜோன் மில்லர் செர்னொஃப் வெளியிட்ட, ஆபிரிக்கத் தாளமும் ஆபிரிக்க உணர்வும் பற்றிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அவருக்கு முரசு கற்பித்த முதன்மை ஆசான் தமாலே நகரின் இப்ராஹீம் அப்துலாயி. "ஆபிரிக்கத் தாளம்" என்று உலகம் போற்றிக் கற்ற ஒன்றைக் கற்பித்தவர் ஒரு முஸ்லிம் சமூகத்தின் முரசுக் கலைஞர் என்பதை எத்தனை வாசகர்கள் கவனத்திற் கொண்டிருப்பார்கள்?

வகுக்கப்படாத ஒலிகள்

கோஃபி அகாவு 2003 இல் வெளியான தமது நூலில், ஆபிரிக்க இசையின் சாரம் தாளமே என்ற கருத்து பெருமளவு மேற்கத்திய சொல்லாடலின் உருவாக்கம் என வாதிட்டார். நமது வினாவுக்கும் அவ்வாதம் பொருந்தும். தாளத்தை மையப்படுத்தும் கேள்விமுறைக்குள் குர்ஆன் மதரஸாவின் ஓதல், ஸூபிகளின் திக்ர் மஜ்லிஸ், நபிபுகழ்க் கவிதை, பாங்கொலி ஆகியன இடம்பெறுவதில்லை. மேலும், இனக்குழுவை அடிப்படை அலகாகக் கொண்ட ஆய்வுமுறை, பல இனத்தவர் ஹவுஸா மொழியைப் பொது மொழியாகக் கொண்டு வாழும் ஸொங்கோ என்ற முஸ்லிம் குடியிருப்புகளைக் காணத் தவறுகின்றது. 2021 குடிசன மதிப்பீட்டின்படி கானா மக்களில் 19.9 சதவீதத்தினர் முஸ்லிம்கள். மரபுச் சமயத்தைத் தமது சமயமாகப் பதிந்தோர் 3.2 சதவீதத்தினர். எண்ணிக்கை மட்டுமே ஒரு பாடத்தின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. எனினும் "ஆபிரிக்கச் சமயம்" என்ற தலைப்பின் கீழ் யார் இடம்பெறுகின்றார்கள் என்ற வினாவை அது கூர்மைப்படுத்துகின்றது.

முஸ்லிம்களாகிய நம்மிடமும் இதற்குரிய சொற்கள் போதிய அளவில் இல்லை. இசை பற்றிய நமது விவாதம் பெரும்பாலும் ஹலாலா, ஹராமா என்ற வினாவோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடுகின்றது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் செவியுறுதல் பற்றித் தனிப்பகுதியே எழுதி, ஒலியின் நோக்கம், சூழல், கேட்பவரின் நிலை ஆகியவற்றைப் பகுத்து ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் லூயிஸ் லம்யா அல்பாரூக்கி, "இசை" என்ற மேற்கத்திய வகைப்பாட்டுக்கு மாற்றாக, ஒலிக் கலை எனப் பொருள்படும் அறபுத் தொடர் ஒன்றை முன்வைத்தார். அல்குர்ஆன் ஓதலை உச்சியில் வைத்து, ஏனைய ஒலி வடிவங்களை அவற்றின் ஏற்புடைமைக்கேற்பப் படிநிலைப்படுத்தினார். அவரும் இசை பயின்ற ஓர் அறிஞர் என்பதால் இங்கு என்கெட்டியாவுடன் ஒப்புநோக்கத்தக்கவர். என்கெட்டியாவின் வகைப்பாட்டில் ஓதலுக்கு இடமில்லை. அல்பாரூக்கியின் படிநிலையில், மன்னரின் மூதாதையரைப் பெருநாள் இரவில் பாடும் தக்போன் முரசறைவோனுக்கு உரிய படி எதுவென்பது தெளிவில்லை. ஒருவர் சமூகத்திலிருந்து தொடங்கி வஹியைத் தவறவிடுகின்றார். மற்றவர் வஹியிலிருந்து தொடங்கிச் சமூகத்தின் ஒரு பகுதியைத் தவறவிடுகின்றார்.

பெருநாளன்று மஸ்ஜிதுந் நபவியில் அபிசீனியர்கள் ஈட்டிகளுடன் விளையாடியதையும், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களை அதனைப் பார்க்க அனுமதித்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. முதல் முஅத்தினாகிய பிலால் (ரழி) அவர்களும் அபிசீனிய வழிவந்தவரே. மாலியின் கெய்ட்டா அரச வம்சம் தனது மரபை பிலாலுடன் இணைத்துக் கூறுவதும், மாண்டே பாணர்கள் தமது மூதாதையாக ஸுராக்கா என்ற ஸஹாபியைக் கூறுவதும் வம்சாவளி ஆய்வில் நிலைக்காமல் போகலாம். ஆனால் தாம் இஸ்லாத்தின் விருந்தாளிகள் அல்லர், தொடக்கம் முதலே அதன் வீட்டினர் என்ற அவர்களது தன்னுணர்வை அவை வெளிப்படுத்துகின்றன. ஆபிரிக்கச் சமயங்களைக் கற்பிக்கும் எந்தப் பாடத்திட்டமும் இத்தன்னுணர்வைச் செவிமடுக்க வேண்டும்.

மதிப்பீடு

இங்கு சுட்டிய குறைகள் என்கெட்டியாவின் பெருமையைக் குறைப்பன அல்ல. தெற்கின் அகான் மரபில் வேரூன்றி, கிறிஸ்தவப் பள்ளியில் கற்று, தன் மக்களின் முரசுக்கு மதிப்பை மீட்டுக்கொடுக்கப் போராடிய ஒருவருக்கு முன்னிருந்த எதிர்த்தரப்பு மிஷனரியின் ஏளனமே. அவரது நூல்களின் வடிவம் அப்போராட்டத்தால் தீர்மானிக்கப்பட்டது. மரபு ஒருபுறமும் மேற்கு மறுபுறமுமாக அமைந்த அந்தக் களத்தில், மூன்றாவது இழை பின்தள்ளப்பட்டமை விளங்கிக்கொள்ளத்தக்கதே.

ஆயினும் இடைவெளியை நிரப்புவதற்கான வழியையும் அவரது முறையியலே காட்டுகின்றது. மூத்தோரிடம் அமர்ந்து கற்றல், ஒலியை அதன் மொழியோடும் சூழலோடும் சேர்த்து விளங்குதல், கலைஞனை ஆசிரியனாக மதித்தல் என்பன அவர் விட்டுச் சென்ற நெறிகள். அதே பொறுமையுடன் தமாலேயின் குர்ஆன் மதரஸாவிலும், குமாசியின் ஸொங்கோ திக்ர் மஜ்லிஸிலும், யெண்டி அரண்மனையின் பெருநாள் இரவிலும் யாராவது அமர வேண்டும். அப்பணிக்கு அறபும் ஹவுஸாவும் தக்பானியும் கற்ற, முரசின் நுட்பமும் மார்க்கத்தின் நுட்பமும் அறிந்த முஸ்லிம் ஆய்வாளர்கள் தேவை. லெகொனில் சேகரிக்கப்பட்ட அறபுக் கையெழுத்துப் பிரதிகளையும் அங்கு பதிவு செய்யப்பட்ட முரசொலிகளையும் ஒரே மேசையில் வைத்து ஆராய்வதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.